ப்ளூபானெட் பூக்களின் நடுவே குழந்தையை உட்கார வைக்காதீர்கள்

டெக்சஸில் ஏப்ரல் வந்துவிட்டால் நம் ஆட்களின் முகநூல் பக்கமெல்லாம் நீலமாகிவிடும். பட்டுப்பாவாடை கட்டிய குழந்தை, சுற்றிலும் ப்ளூபானெட் என்ற நீலக் காட்டுப்பூ. நான்கு வருஷம் முன்னால் நானும் என் மகளை அப்படி உட்கார வைத்துப் படம் எடுத்தேன். படம் அழகாகத்தான் வந்தது. கிளம்பும்போது திரும்பிப் பார்த்தால், அவள் உட்கார்ந்த இடத்தில் செடிகள் பாய் விரித்த மாதிரி நசுங்கிக் கிடந்தன. பக்கத்திலேயே அதே போல ஏழெட்டு வட்டங்கள். மனசு கேட்கவில்லை.

இது ஒரே வருஷம் வாழும் செடி. இலையுதிர் காலத்தில் முளைத்து, குளிர் முழுக்கத் தரையோடு ஒட்டிக் கிடந்து, மார்ச் கடைசியில் பூக்கும். அவரை, கொள்ளு குடும்பம்தான். பூ உதிர்ந்ததும் சின்னச் சின்னக் காயாகப் பிடிக்கும். அது முற்றி வெடித்து விதை தெறித்தால்தான் பின்னால் வரும் வருஷங்களுக்குப் பூ. நாம் உட்கார்ந்து நசுக்கிய செடி எங்கே காய்க்கப்போகிறது?

கிட்டே குனிந்து பாருங்கள். ஒவ்வொரு பூவின் மேலிதழிலும் ஒரு வெள்ளைப் புள்ளி இருக்கும். பூ பழசாகப் பழசாக அது கருஞ்சிவப்பாக மாறும். தேனீக்கள் பெரும்பாலும் வெள்ளைப் புள்ளிப் பூவைத்தான் தேடிப் போகும். இதைப் பார்க்க ஓரத்தில் நின்றாலே போதும்.

1901இல் மாநிலப் பூவைத் தேர்ந்தெடுக்கச் சட்டமன்றத்தில் பெரிய விவாதமே நடந்தது. பருத்தி என்றார் ஒருவர். சப்பாத்திக்கள்ளிதான் என்று வாதாடினார் ஜான் நான்ஸ் கார்னர். பின்னாளில் அமெரிக்கத் துணை ஜனாதிபதியான பிறகும் 'கேக்டஸ் ஜாக்' (கள்ளி ஜாக்) என்ற பெயர் அவரை விடவில்லை. ஜெயித்தது ப்ளூபானெட். ஆனால் சட்டத்தில் எழுதிய இனம் வேறு, மக்கள் கொண்டாடிய இனம் வேறு. மாநிலத்தில் வளரும் எல்லா ப்ளூபானெட் இனங்களும் மாநிலப் பூதான் என்று 1971இல் அறிவித்த பிறகே அந்தச் சண்டை ஓய்ந்தது.

மாநிலப் பறவை மாக்கிங்பேர்ட், 1927இலிருந்து. ஃபுளோரிடா, டென்னசி என்று வேறு சில மாநிலங்களுக்கும் அதே பறவைதான். மாநில மரத்தின் கதைதான் எனக்கு உயிர். ஆளுநராக இருந்த ஜேம்ஸ் ஹாக் 1906இல் இறந்தார். தன் சமாதிக்குக் கல் வேண்டாம், தலைமாட்டில் பீக்கன் என்ற கொட்டை மரமும் கால்மாட்டில் வால்நட் மரமும் நடுங்கள், காய்த்ததும் சாதாரண ஜனங்களுக்கு நடுவதற்குக் கொடுங்கள் என்று கேட்டுக்கொண்டாராம். 1919இல் பீக்கன் மாநில மரமானது.

நெடுஞ்சாலைத் துறையும் 1930களிலிருந்தே பூக்காலம் முடியும்வரை சாலையோரப் புல்வெட்டைத் தள்ளிப்போடுகிறது. சட்டத்தில் பெயர் எழுதுவதைவிட இந்தப் பொறுமைதான் பெரிய மரியாதை என்பேன். நாமும் அந்தப் பொறுமையைக் காட்டலாமே. ஏற்கெனவே இருக்கிற பாதையில் குழந்தையை நிற்க வையுங்கள். கேமராவைத் தாழ்த்திப் பிடித்தால் அவளைச் சுற்றிப் பூ இருப்பது போலவே படம் வரும்.

போன மே மாதம் எங்கள் குடியிருப்புச் சங்கத்திலிருந்து, முன்வாசலில் காய்ந்து நிற்கும் ப்ளூபானெட் செடிகளை வெட்டச் சொல்லிக் கடிதம் வந்தது. காய்களைப் படம் எடுத்து அனுப்பி இரண்டு வாரம் தவணை கேட்டேன். சரி என்றார்கள். அந்த வாரமே ஒரு மதிய வெயிலில் பட் பட்டென்று காய்கள் வெடிக்கத் தொடங்கின. மகள் செருப்புகூடப் போடாமல் வாசலுக்கு ஓடினாள்.