டொலர்க் கோட்டால் தொழிலாளியை அளக்காதீர்கள்

பின்லாந்தும் இந்தோனேசியாவும் ஆண்டுதோறும் ஏற்றுமதி செய்த கடதாசி, அட்டை ஆகியவற்றின் பெறுமதியைக் காட்டும் அந்த வரைபை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். மட்டக்களப்பு முகநூல் குழுக்கள் எல்லாவற்றிலும் அதுதான் சுற்றுகிறது. வரைபோடு எனக்குப் பிணக்கில்லை. உரிமை கேட்ட நாடான பின்லாந்து இறங்கியது, வாய்மூடி உழைத்த நாடான இந்தோனேசியா ஏறியது, நம்முடைய வாழைச்சேனைக் கடதாசி ஆலையும் இப்படித்தான் தொழிலாளரால் அழிந்தது என்று அதன்மேல் எழுதியிருக்கிறார்களே, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

ஏற்றுமதிப் பெறுமதி என்பது விற்ற அளவையும் விலையையும் பெருக்கி டொலரில் எழுதிய தொகை. 2008 இல் ஒரு யூரோ சராசரியாக 1.47 டொலர், 2015 இல் 1.11 டொலர். அதே ஆலை, அதே ஆட்கள், அதே அளவு கடதாசியை அதே யூரோ விலைக்கு விற்றிருந்தாலும் டொலர்க் கோடு ஏறத்தாழக் கால்வாசி சரிந்திருக்கும். இதில் தொழிலாளி செய்த குற்றம் என்ன?

பின்லாந்தில் உற்பத்தியே குறைந்ததல்லவா என்பீர்கள். குறைந்ததுதான். 2007 அளவில் ஆண்டுக்கு 14 மில்லியன் தொன் செய்த நாடு அது. ஆனால் அதன் பலம் பத்திரிகைக்கும் சஞ்சிகைக்குமான அச்சுக் கடதாசியில் இருந்தது; ஐரோப்பியர் செய்தியைத் திரையில் வாசிக்கத் தொடங்கியதும் அந்தச் சந்தை சுருங்கியது. கேமி என்ற ஊரில் வெய்ட்சிலுவோட்டோ கடதாசி ஆலை 2021 இல் மூடப்பட்டது. அதே ஊரில் 2023 இல் ஆண்டுக்கு 1.5 மில்லியன் தொன் கொள்ளளவுள்ள, கடதாசிக்கு மூலப்பொருளான மரக்கூழ் செய்யும் ஆலை இயங்கத் தொடங்கியது. ஏற்றுமதிப் பொருள்களை வகை பிரிக்கும் சுங்கக் குறியீட்டில் கூழ் 47 ஆம் அத்தியாயத்தில் பதிவாகும். கடதாசி 48 ஆம் அத்தியாயம். ஆகவே அந்த ஊரார் இன்று செய்து அனுப்பும் கூழில் ஒரு தொன்கூட நீங்கள் பகிர்ந்த கோட்டில் இல்லை.

2022 இன் முதல் நான்கு மாதங்களில் பின்லாந்தில் நடந்த கடதாசி ஆலை வேலைநிறுத்தத்தைச் சிலர் பின்னூட்டத்தில் தூக்கிப் பிடிக்கிறார்கள். அதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்பே இறங்கத் தொடங்கிய கோட்டுக்கு அது எப்படிக் காரணமாகும்?

இந்தோனேசியரின் உழைப்பை நான் குறைத்துச் சொல்லவில்லை. சுமாத்திராவில் கூழுக்காக நடும் அக்கேசியா மரம் ஐந்தாறு ஆண்டுகளில் வெட்டுக்கு வரும். வடக்கின் பைன் மரத்துக்குப் பல பத்தாண்டுகள் வேண்டும். சதுப்புக் காடுகளை வடித்து நட்ட தோட்டங்களும் அந்த ஏற்றத்துக்குள் இருக்கின்றன. வெயிலும் மழையும் நிலமும் செய்த வேலையை வாய்மூடி இருந்ததன் பலன் என்று எழுதுவது எந்த நியாயம்?

என் அப்பா வாழைச்சேனை ஆலையில் வேலை செய்தவர். சூடடிப்பு முடிந்ததும் வயல்களிலிருந்து வந்து குவியும் வைக்கோலைக் காரமிட்டு அவிக்கும் பகுதியில் இருந்தார். அவருடைய சட்டையை அம்மா மற்ற உடுப்புகளோடு சேர்த்து ஊற வைக்கமாட்டார். அந்த வாடை எத்தனை சவர்க்காரம் போட்டாலும் போகாது. புதுக் கொப்பி வாங்கினால் அப்பா முதல் தாளை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, பெருவிரலால் தடவிப் பார்த்துவிட்டுத்தான் எங்கள் கையில் தருவார். அந்த மனிதரைச் சோம்பேறி என்று ஒரு வரியில் எழுதிவிட்டீர்கள்.

வாழைச்சேனை ஆலை நட்டமடைந்தது உண்மைதானே என்று கேட்பவர்களுக்கும் சொல்கிறேன். நெல் வைக்கோலில் சிலிக்கா அதிகம். அவித்த காரத்தை மீட்டெடுப்பதை அது கெடுக்கும், செலவு ஏறும். அதன்மேல் போர் வந்தது. வைக்கோல் வரவேண்டிய பாதைகளில் சோதனைச்சாவடிகள் இருந்த காலத்தில் எந்த நாட்டுத் தொழிலாளி வந்திருந்தாலும் அந்த இயந்திரங்களைத் தடையின்றி ஓட்டியிருக்க முடியாது. இதை எந்தக் கோட்டில் காட்டினீர்கள்?

2022 மார்ச்சில் கடதாசி இல்லாமல் மேல் மாகாணப் பாடசாலைகளின் தவணைப் பரீட்சைகள் பிற்போடப்பட்டன. அன்று நாட்டுக்குத் தேவைப்பட்டது ஏற்றுமதிக் கோடு அல்ல, உள்ளூரில் செய்த தாள். வாழைச்சேனை ஆலை கட்டப்பட்டதும் அந்தத் தாளுக்காகத்தான். ஏற்றுமதியால் அதை அளப்பதே முதல் பிழை. அடுத்த முறை வரைபு போடுபவர்கள் டொலருக்குப் பக்கத்தில் தொன்னையும் போடுங்கள், 47 ஆம் அத்தியாயத்தையும் சேருங்கள். அந்த மூன்று வரிகளை மட்டும் தயவுசெய்து நீக்கிவிடுங்கள். அப்பாவோடு வேலை செய்தவர்கள் சிலர் இன்னும் இந்த ஊரில் இருக்கிறார்கள், அவர்களுடைய பிள்ளைகளும் முகநூல் பார்க்கிறார்கள்.