ஹாம்லெட் தயங்கியது ஒரே ஒருவனிடம்தான்

'முடிவெடுக்கத் தெரியாதவன்.' ஷேக்ஸ்பியர் நாடகத்தின் டென்மார்க் இளவரசன் ஹாம்லெட்டுக்கு நாம் ஒட்டிவைத்திருக்கும் பட்டம் இது. லாரன்ஸ் ஒலிவியர் 1948இல் எடுத்த படமும் இப்படித்தான் அவனை அறிமுகம் செய்யும். எனக்கு இதில் துளியும் உடன்பாடில்லை.

அவன் தயங்கியதில் என்ன தப்பு? செத்துப்போன அப்பாவின் ஆவி வந்து 'உன் சித்தப்பன்தான் என்னைக் கொன்றான், பழிவாங்கு' என்கிறது. வேறு சாட்சி கிடையாது. பாம்பு கடித்து ராஜா செத்தார் என்றுதான் ஊர் நம்புகிறது. இந்தக் கதையை ஷேக்ஸ்பியருக்குப் பல நூற்றாண்டு முன்பே எழுதிய டென்மார்க் வரலாற்றாசிரியர் சாக்சோ கிராமட்டிகஸிடம் இந்தச் சிக்கல் இல்லை. அங்கே தம்பி அண்ணனைக் கொன்றது ஊரறிந்த சங்கதி.

ஆவியையும் எப்படி நம்புவது? பாவம் தீரும்வரை நெருப்பில் கிடக்கிறேன் என்கிறது, அதாவது கத்தோலிக்கர் நம்பும் உத்தரிக்கிற ஸ்தலம். ஹாம்லெட் படித்ததோ விட்டன்பர்கில், கத்தோலிக்கத்தை எதிர்த்துச் சீர்திருத்தச் சபைக்கு வித்திட்ட மார்ட்டின் லூதர் பாடம் நடத்திய ஊரில். அப்படி ஓர் இடமே இல்லை என்பது சீர்திருத்தச் சபையின் கட்சி. வந்தது அப்பாவா, அப்பா வேஷத்தில் பிசாசா என்று அவன் கேட்பது நியாயம்தானே? அதனால்தான் அதேபோன்ற கொலையை நாடகமாகப் போட்டு, இப்போது ராஜாவாகிவிட்ட சித்தப்பன் கிளாடியஸை வேவு பார்க்கிறான். (அந்த நாடகத்திலும் ஒரு கோளாறு. அதில் ராஜாவைக் கொல்பவன் ராஜாவின் அண்ணன் மகன். கிளாடியஸ் பதறி எழுந்தது பழைய பாவத்தை நினைத்தா, எதிரே உட்கார்ந்திருக்கும் அண்ணன் மகனைப் பார்த்தா?)

எனக்கு உறுத்துவது வேறு. கிளாடியஸ் விஷயத்தில் இவ்வளவு யோசித்தவன், மற்றவர்கள் விஷயத்தில் யோசிக்கவே இல்லை. திரைக்குப் பின்னால் குரல் கேட்டதும் வாளைச் செருகுகிறான். ராஜா என்று நினைத்தானாம். அந்த ராஜா மண்டியிட்டு ஜெபித்ததைச் சற்று முன்புதான் பார்த்துவிட்டு வந்தான். செத்தது ராஜாவின் ஆலோசகர், கிழவர் பொலோனியஸ்.

அதைக்கூட ஆத்திரம் என்று விட்டுவிடலாம். ரோசன்கிரான்ட்ஸ், கில்டன்ஸ்டர்ன் கதையை என்ன சொல்வது? இருவரும் அவனோடு சின்ன வயதிலிருந்து வளர்ந்தவர்கள். ராஜாவுக்கு ஒற்று வேலை பார்த்தவர்கள்தான், மறுக்கவில்லை. ஆனால் இங்கிலாந்து ராஜாவுக்குத் தாங்கள் கொண்டுபோகும் கடிதத்தில் ஹாம்லெட்டின் மரண உத்தரவு இருப்பது அவர்களுக்குத் தெரியும் என்று நாடகத்தில் ஒரு வரிகூட இல்லை. ராத்திரியில் ஹாம்லெட் அந்தக் கடிதத்தைத் திருடி, வேறொன்று எழுதிவைக்கிறான். கொண்டுவருபவர்களை உடனே கொல், பாவசங்கீர்த்தனம் செய்யவும், அதாவது சாகுமுன் பாதிரியாரிடம் பாவத்தை அறிக்கையிடவும், நேரம் தராதே என்று. அப்பாவின் ஆவி புலம்பியது எதற்காக? பாவசங்கீர்த்தனம் செய்யவிடாமல் தன்னைக் கொன்றுவிட்டான் என்றுதானே! அதே கொடுமையை மகன் தன் கூட்டாளிகளுக்குச் செய்கிறான். அதுவும் அப்பாவின் முத்திரை மோதிரத்தால் அரக்கில் பதித்து. கேட்டால், என் மனசாட்சி உறுத்தவில்லை என்கிறான்.

வேடிக்கை என்னவென்றால், ஒலிவியர் படத்தில் இந்த இரண்டு பேரும் கிடையாது. அடியோடு வெட்டிவிட்டார்கள். அவர்களை எடுத்துவிட்டால் ஹாம்லெட்டைத் தயங்குகிறவன் என்று சொல்வது சுலபம்தான்.

கடைசிக் காட்சியில் எல்லாரும் பிணமாகக் கிடக்க, இங்கிலாந்துத் தூதர் வந்து நிற்கிறார். சொன்னபடி இருவரையும் கொன்றாயிற்று, யாரிடம் நன்றி வாங்குவது என்று கேட்கிறார். ராஜா அப்படி உத்தரவே போடவில்லை என்கிறான் ஹாம்லெட்டின் நண்பன் ஹொரேஷியோ. உண்மைதான். போட்டது யார் என்று அவனுக்கு நன்றாகத் தெரியும். அந்தப் பெயரைத் தூதரிடம் அவன் சொல்லவில்லை.