இரவில் மருத்துவர் இருந்தாரா?
சமயச் சார்புள்ள போதை மறுவாழ்வு மையங்களில் கண்டிப்பு மிகுதி என்பதே ஒரே குறை எனக் கட்டுரையாளர் எழுதியிருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. மருத்துவக் கண்காணிப்பு இல்லாமைதான் பெரிய ஆபத்து. அமெரிக்காவில் தோன்றிய சயின்டாலஜி என்ற மத இயக்கத்தின் நிறுவனர் ரான் ஹப்பார்டின் கோட்பாட்டைப் பின்பற்றும் நார்கோனான் என்ற போதை மறுவாழ்வு மையங்களில், உடற்கொழுப்பில் தங்கிய போதைப்பொருள் வியர்வையோடு வெளியேறிவிடும் என்று நம்பி, நியாசின் (வைட்டமின் பி3) மாத்திரைகளை அளவுக்கு மீறிக் கொடுத்து, நாளொன்றுக்கு 5 மணி நேரம் வரை வெப்ப அறையில் உட்கார வைக்கிறார்கள். அமெரிக்காவின் ஓக்லஹோமா மையத்தில் 2011 அக்டோபருக்கும் 2012 ஜூலைக்கும் இடையில் மூன்று பேர் இறந்தனர். குடியை நிறுத்திய இரண்டாம், மூன்றாம் நாள் இரவில், தண்ணீர் டம்ளரைப் பிடிக்க முடியாத கைநடுக்கம் வலிப்பாக மாறுவதைச் செவிலியராகப் பலமுறை பார்த்திருக்கிறேன். அந்த நேரத்தில் மருந்தும் மருத்துவரும் அருகில் இல்லையென்றால் உயிருக்கே ஆபத்து. ‘அங்கே குணமானவர்களும் உண்டே’ என கருத்து எழுதியுள்ள மற்றொரு வாசகர், பாதியில் வெளியேறியவர்களையும் அந்தக் கணக்கில் மையத்தினர் சேர்த்திருக்கிறார்களா என்று தயவுசெய்து கேட்டுப் பார்க்க வேண்டும்.