மூன்று கிரெடிட்டுக்கு ஒரு கணக்கு

சென்ற சனிக்கிழமை நண்பர் ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். டாலஸின் வடக்குப் புறநகரில் எங்கள் வீட்டிலிருந்து பத்து நிமிடத் தொலைவில் இருப்பவர். மகன் பத்தாம் வகுப்பை முடிக்கப் போகிறான். "அடுத்த வருடம் பள்ளியிலேயே காலேஜ் அல்ஜீப்ரா எடுக்கலாமாமே, கல்லூரிக் கிரெடிட்டும் கிடைக்குமாமே. உங்கள் பெண் எடுத்தாளே, நல்லதுதானே?" என்றார். நல்லதுதான் என்று சொல்லி வைத்திருக்கலாம். நாற்பது நிமிடம் பேசினேன். வைத்த பிறகும் சொல்லாமல் விட்டது நிறைய இருப்பதாகப் பட்டது. அதனால்தான் இந்தப் பதிவு. நீளமாகத்தான் இருக்கும்.

அமெரிக்காவில் இல்லாத நண்பர்களுக்காகக் கொஞ்சம் முன்கதை. இங்கே உயர்நிலைப் பள்ளியில் படிக்கும்போதே பக்கத்து கம்யூனிட்டி காலேஜின் (உள்ளூர் அரசுக் கல்லூரியின்) பாடம் ஒன்றை எடுத்து, அதே பாடத்துக்குப் பள்ளிக் கணக்கிலும் கல்லூரிக் கணக்கிலும் கிரெடிட், அதாவது படிப்பை முடிக்கச் சேர்க்க வேண்டிய பாட அலகு, பெறலாம். டெக்சாஸில் இதற்கு டூயல் கிரெடிட் என்று பெயர். புதிய யோசனை ஒன்றும் இல்லை. பள்ளிப் பிள்ளைகள் கல்லூரிப் பாடம் எடுக்க மினசோட்டா மாநிலம் 1985இலேயே சட்டம் போட்டுவிட்டது. டெக்சாஸில் அரசுக் கல்லூரிகளுக்கெல்லாம் பொதுவான பாட எண்கள் உண்டு. காலேஜ் அல்ஜீப்ராவின் எண் 1314. முதலில் உள்ள ஒன்று, இது முதலாண்டுப் பாடம் என்கிறது. அடுத்துள்ள மூன்று, இதற்கு மூன்று கிரெடிட் என்கிறது. அந்த மூன்றுக்குத்தான் இத்தனை அடிதடி. மாநிலப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்த பிறகு அதே பாடத்தை எடுத்தால் ஆயிரம் டாலர் அளவில் ஆகும். வருமானம் குறைந்த குடும்பத்துப் பிள்ளைகளுக்கு, 2023இல் வந்த மாநிலத் திட்டத்தில் சேர்ந்துள்ள கல்லூரிகளில் டூயல் கிரெடிட் பாடத்துக்குக் கட்டணமே கிடையாது. அதை நான் மனதாரப் பாராட்டுகிறேன். இந்தப் பதிவின் வம்பு அவர்களோடு அல்ல, நம்மோடு.

நம்மவர்கள் விழுவது 'காலேஜ்' என்ற சொல்லில். பதினாறு வயதுப் பையன் கல்லூரிக் கணக்குப் போடுகிறான் என்று ஊருக்குத் தொலைபேசியில் சொல்லும்போது குரலே மாறிவிடுகிறது. உள்ளே என்ன இருக்கிறது? சார்புகள், இருபடிச் சமன்பாடுகள், பல்லுறுப்புக் கோவைகள், அடுக்குக்குறிச் சார்புகள், மடக்கைகள், கொஞ்சம் அணிகள். இவற்றில் சார்பும் இருபடிச் சமன்பாடும் அணியும் தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்புப் புத்தகத்திலேயே இருக்கின்றன. மடக்கை பதினொன்றில் வந்துவிடும். இங்கேயும் பொறியியல் படிப்பவனுக்கு முதல் கணக்குப் பாடம் கால்குலஸ்தான். காலேஜ் அல்ஜீப்ரா அதற்கு இரண்டு படி கீழே நிற்கிறது. பெயரில்தான் கல்லூரி.

ஆகவே என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கணக்கில் மேலே மேலே போகப் போகிற பிள்ளைக்கு இந்தக் கிரெடிட் தேவையே இல்லை. கணக்கை இத்தோடு கைகழுவப் போகிற பிள்ளைக்கு இது அருமையான ஏற்பாடு. நம் வீடுகளில் நடப்பது நேர்மாறு. கணினி அறிவியல் படிக்கத் துடிக்கிறவனை இதில் கொண்டுபோய்ச் சேர்க்கிறோம். கணக்கு பிடிக்காத பிள்ளை இருக்கிறது என்பதையே வெளியில் சொல்வதில்லை.

தெரிந்த குடும்பத்துப் பையன் ஒருவன் இதில் ஏ வாங்கினான். இயந்திரப் பொறியியலில் சேர்ந்தான். பல்கலைக்கழகம் அந்த மூன்று கிரெடிட்டை மறுக்கவில்லை, மரியாதையாக வாங்கி வைத்துக்கொண்டது. ஆனால் அவனுடைய பட்டத்துக்கு வேண்டிய பாடப் பட்டியல் 2413 என்ற எண்ணுள்ள கால்குலஸில் தொடங்குகிறது. அல்ஜீப்ராவுக்கு அதில் இடமே இல்லை. பதிவேட்டில் அந்த மூன்றும் பரணில் ஏற்றிய பித்தளைக் குடம் மாதிரி உட்கார்ந்திருக்கின்றன. பெயர் பெற்ற தனியார் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் அந்த மரியாதைகூடக் கிடைக்காது. பள்ளிப் படிப்பை முடிக்கக் கணக்கில் சேர்த்த பாடத்தை மறுபடியும் எங்களிடம் கணக்குக் காட்டாதே என்று சொல்லிவிடுவார்கள்.

என் மகள் வேறு கட்சி. அவளுக்கு வரலாறு வேண்டும். எட்டாம் வகுப்பிலிருந்தே அதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறாள். நான்தான் போகப்போகச் சரியாகிவிடும் என்று காத்திருந்தேன், ஏதோ காய்ச்சலைச் சொல்வதுபோல. டெக்சாஸ் அரசுப் பல்கலைக்கழகங்களில் எந்தப் பட்டம் படித்தாலும் 42 கிரெடிட் பொதுப் பாடங்களை முடித்தாக வேண்டும். அதில் கணக்குக்கு மூன்று. காலேஜ் அல்ஜீப்ரா அந்த மூன்றில் கச்சிதமாகப் பொருந்துகிறது. மாநிலத்துக்குள் எந்த அரசுப் பல்கலைக்கழகத்துக்குப் போனாலும் பொதுப் பாடக் கிரெடிட் கூடவே வரும். அவள் கணக்கோடு பேச்சுவார்த்தையை முறித்துக்கொள்ள இதைவிட நல்ல உடன்படிக்கை கிடையாது.

இதிலும் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. காலேஜ் அல்ஜீப்ரா என்பது கால்குலஸுக்குப் போகிற ஒற்றையடிப் பாதை. அங்கே போகவே போகாதவர்களை எதற்கு அதில் நடக்கவிட வேண்டும்? ஆஸ்டினில் உள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் டேனா மையம் இந்த வாதத்தைப் பல வருடங்களாக முன்வைத்து, வரலாறும் அரசியலும் படிக்கப் போகிறவர்களுக்குப் புள்ளியியல் போன்ற வேறு பாதைகளைப் போட்டுக்கொடுக்கிறது. மகளைப் புள்ளியியலுக்கு அனுப்பத்தான் நானும் விரும்பினேன். அவள் பள்ளியின் கால அட்டவணைக்கு ஒத்துவந்தது அல்ஜீப்ரா மட்டும்தான். சரி என்றோம்.

உள்ளே நுழைய முதலில் டிஎஸ்ஐ என்ற மாநிலத் தேர்வு. கணிதத்தில் 950 எடுத்தால் நேரடித் தகுதி. அதை எடுத்துவிட்டாள். பல பள்ளிகளில் இந்தப் பாடத்தைப் பள்ளி ஆசிரியரே நடத்துவார். அவர் முதுகலைப் பட்டத்தோடு கணிதத்தில் 18 கிரெடிட்டாவது முதுகலை அளவில் படித்திருக்க வேண்டும் என்பது பொதுவான எதிர்பார்ப்பு. அங்கே அதே வகுப்பறை, அதே மணி, கதவில் மட்டும் புதுப் பெயர். என் மகளுக்கு அப்படி அமையவில்லை. வாரம் இரண்டு நாள் கல்லூரி வளாகத்துக்கே போனாள். வகுப்பில் பாதிப் பேர் அவளைவிடப் பெரியவர்கள். இரவு வேலை முடித்து நேரே வருகிறவர் ஒருவர், கைக்குழந்தையைத் தாயிடம் விட்டுவிட்டு வருகிற பெண் ஒருவர். அவர்களுக்கு அந்த மூன்று கிரெடிட் பெருமை அல்ல, பிழைப்பு. அந்த வகுப்பைப் பற்றி அவள் வீட்டில் பேசியதில் பாதி அவர்களைப் பற்றித்தான்.

முதல் தேர்வில் 58.

பள்ளியில் என்றால் மறுதேர்வு எழுதி எழுபதுக்காவது ஏற்றிக்கொள்ளலாம். இங்கே அந்தப் பேச்சே இல்லை. நான் என்ன செய்தேன்? தமிழ்நாட்டில் முன்னேற்ற அறிக்கையில் அப்பாவின் கையெழுத்துக்காக நடுங்கி வளர்ந்த பரம்பரை அல்லவா? பேராசிரியருக்கு நான்கு பத்தியில் மின்னஞ்சல் எழுதினேன். மகளின் பழைய மதிப்பெண்கள், கடும் உழைப்பு, குடும்பத்தின் கல்வி ஆர்வம் எல்லாம் அதில் இருந்தன. இரண்டு வரியில் பதில் வந்தது. அக்கறைக்கு நன்றி, உங்கள் மகள் விரும்பினால் என்னைச் சந்தித்துப் பேசலாம். அவ்வளவுதான். கோபத்தில் துருவிப் படித்த பிறகுதான் தெரிந்தது. 1974ஆம் ஆண்டு கூட்டாட்சிச் சட்டம் ஒன்றின்படி, கல்லூரியில் பதிந்துவிட்டால் பதினெட்டு வயது ஆகாவிட்டாலும் கல்லூரிப் பதிவுகளின் உரிமை மாணவருடையது. பணம் கட்டியது நான், வண்டிக்குப் பெட்ரோல் போட்டது நான், மதிப்பெண் அவளுடையது. "நீங்கள் கொஞ்சம் சும்மா இருங்கள்" என்றாள் மனைவி. சட்டமும் அதைத்தான் சொல்லியிருந்தது.

மகள் தானே போய்ப் பேராசிரியரைப் பார்த்தாள். அங்கே என்ன பேசினார்கள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அக்டோபரில் ஓர் இரவு நடந்ததை மட்டும் சொல்கிறேன். சமையலறை மேசையில் மடிக்கணினி, பக்கத்தில் டிஐ-84 கால்குலேட்டர், தட்டில் ஆறிப்போன தோசை. இணையத்தில் வீட்டுப்பாடம். விடை சரியென்றால் பச்சை, தப்பென்றால் சிவப்பு. அன்று மடக்கை. அடிமானம் 2. எக்ஸின் மடக்கையோடு, எக்ஸிலிருந்து இரண்டைக் கழித்து வருவதன் மடக்கையைக் கூட்டினால் மூன்று, எக்ஸ் என்ன என்பது கேள்வி. அவள் அதை இருபடிச் சமன்பாடாக மாற்றி 4, மைனஸ் 2 என்று இரண்டு விடைகளையும் எழுதினாள். சிவப்பு. நான் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்து, "மடக்கையில் மைனஸ் வந்தால் தூக்கிப் போட்டுவிட வேண்டும்" என்றேன். 4 மட்டும் எழுதினாள். பச்சை. எனக்குப் பெருமை தாங்கவில்லை. நம்மூர் பதினோராம் வகுப்புக் கணக்குதானே என்று ஒரு வாக்கியத்தையும் சேர்த்துக்கொண்டேன்.

அடுத்த கணக்கு. அதே அடிமானம். ஒன்றிலிருந்து எக்ஸைக் கழித்து வருவதன் மடக்கை மூன்று. மைனஸ் 7 வந்தது. "தூக்கிப் போடு, விடை இல்லை என்று எழுது" என்றேன். எழுதினாள். சிவப்பு. என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. மைனஸ் 7ஐ எடுத்துக் கணக்குக்குள் திரும்ப வைத்துப் பார்த்தாள். ஒன்றிலிருந்து மைனஸ் ஏழைக் கழித்தால் எட்டு, எட்டின் மடக்கை மூன்று. "அப்பா, எக்ஸ் மைனஸாக இருக்கலாம். மடக்கைக்கு உள்ளே வருவதுதான் மைனஸாக இருக்கக் கூடாது" என்றாள். தோசையைச் சூடாக்கித் தருகிறேன் என்று எழுந்து போனேன்.

கிளார்க்ஸ் டேபிளில் மடக்கை பார்ப்பதில் என்னை அடிக்க எங்கள் வகுப்பில் ஆள் கிடையாது. ஆனால் ஏன் அந்த மைனஸைத் தூக்கிப் போடுகிறோம் என்று ஒருநாளும் கேட்டதில்லை. கேட்க நேரமும் இல்லை. பிளஸ் ஒன் பாடத்தை ஒப்புக்கு நடத்திவிட்டு, தீபாவளி முடிந்ததும் பிளஸ் டூ புத்தகத்தைப் பிரித்துவிட்ட பள்ளி அது. ஒன்றரை வருடம் ஒரே புத்தகத்தை உருப்போட்டு 190க்கு மேல் வாங்கினோம். பதினொன்றைத் தாண்டிக் குதிக்கிற இந்த வழக்கத்தைத் தடுக்கத்தான் 2017-18இல் தமிழ்நாட்டில் அந்த வகுப்புக்கும் பொதுத்தேர்வு கொண்டுவந்தார்கள். குதித்து வந்தவர்கள் இன்று டெக்சாஸில் உட்கார்ந்துகொண்டு, பிள்ளை எந்த வகுப்பைத் தாண்டலாம் என்று வாட்ஸ்அப் குழுவில் விசாரிக்கிறோம்.

யாரும் சொல்லாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். அந்தக் கல்லூரி மதிப்பெண் அழியாது. பதினாறு வயதில் வாங்கிய சி, அந்தக் கல்லூரியின் பதிவேட்டில் நிரந்தரமாக இருக்கும். நடுவில் விலகினால் விலகியதற்கான குறியீடு இருக்கும். நம்மவர்களில் பாதிப் பேருக்கு மருத்துவம்தான் கனவு. மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பிக்கும்போது பள்ளிக் காலத்தில் எடுத்த கல்லூரிப் பாடங்களையும் காட்டியே தீர வேண்டும், மதிப்பெண் சராசரியில் அவையும் சேரும். பத்தாம் வகுப்பு முடித்த பையனை 'சும்மா எடுத்துப் பார்க்கட்டும்' என்று அனுப்புகிற பெற்றோரில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

வகுப்பு வரிசைப் பைத்தியம் வேறு இருக்கிறது. 1997ஆம் ஆண்டுச் சட்டப்படி, பள்ளியில் முதல் பத்து சதவீதத்துக்குள் வருகிறவர்களுக்கு டெக்சாஸ் அரசுப் பல்கலைக்கழகங்களில் தானாக இடம் கிடைக்கும். ஆஸ்டினில் உள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகம் மட்டும் அந்த வாசலை இன்னும் குறுக்கிவிட்டது. ஆகவே எந்தப் பாடத்துக்கு எவ்வளவு கூடுதல் மதிப்பு என்று பள்ளிக்குப் பள்ளி கணக்குப் போட்டுப் பாடம் எடுக்கிறார்கள். இதைப் பற்றி எழுதினால் எனக்கு இரத்த அழுத்தம் ஏறும், விட்டுவிடுகிறேன்.

கிரெடிட் மட்டும்தான் வேண்டும், வகுப்பு வேண்டாம் என்பவர்களுக்குக் காலேஜ் போர்டு என்ற தேர்வு அமைப்பு நடத்தும் கிளெப் தேர்வு இருக்கிறது. காலேஜ் அல்ஜீப்ராவுக்கு 90 நிமிடத்தில் 60 கேள்விகள், 20 முதல் 80 வரை மதிப்பெண், 50 வாங்கினால் கிரெடிட் தரலாம் என்பது பரிந்துரை. தோற்றாலும் கல்லூரிப் பதிவேட்டில் தழும்பு விழாது, மூன்று மாதம் கழித்து மறுபடி எழுதலாம். எந்தப் பல்கலைக்கழகம் ஏற்கும் என்பதை மட்டும் முன்கூட்டிக் கேட்டுக்கொள்ளுங்கள். மேலே போகிற பிள்ளைக்குப் பள்ளியிலேயே ஏபி (அதே காலேஜ் போர்டின் கல்லூரித் தரப் பாட வரிசை) பிரிகால்குலஸ் வந்துவிட்டது, முதல் தேர்வு 2024 மே மாதம் நடந்தது. பொறியியல் ஆசை உள்ளவன் அதை எடுத்துவிட்டு ஏபி கால்குலஸுக்குப் போகட்டும்.

மகளுக்குக் கடைசியில் பி வந்தது. 58இலிருந்து ஏறி வந்த பி. கோயம்புத்தூரிலிருந்து என் அக்கா அழைத்து "ஏ வரவில்லையா?" என்றாள். "இல்லை அத்தை, பி. கணக்கு முடிந்தது" என்று மகளே பதில் சொன்னாள். அந்த 'முடிந்தது' என்ற சொல்லில் இருந்த நிம்மதியை நான் அவள் குரலில் அதற்குமுன் கேட்டதில்லை.

சனிக்கிழமை நண்பரிடமும் இதையெல்லாம்தான் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். பையனுக்கு என்ன படிக்க ஆசை என்று கேட்டேன். "கணினி அறிவியல்தான், வேறென்ன?" என்றார். அப்படியானால் வேண்டாம் என்றேன். சற்று நேரம் பேச்சில்லை. பிறகு, "சரி, பதிவு செய்யக் கடைசித் தேதி எப்போது?" என்றார்.