குணசேகரன் கணக்கு தீர்ந்துச்சு, நந்தினி கணக்கு?

நேத்து சனிக்கிழமையோட சன் டிவி சீரியல் ‘எதிர்நீச்சல்’ முடிஞ்சிருச்சு. 2022 பிப்ரவரி 7-ல ஆரம்பிச்சது, 2024 ஜூன் 8-ல மூட்டை கட்டிட்டாங்க. எங்க தெருவுல கண்ணைத் தொடச்சவங்களும் உண்டு, ‘அப்பாடா, விட்டுச்சு’ன்னவங்களும் உண்டு. எனக்கு வந்தது கோவம். சீரியலுக்குப் போய் இம்புட்டு நீளமா எழுதணுமான்னு கேக்குற அண்ணன்மாரு இங்கேயே தாண்டிப் போயிருங்க. போன மாசம் ஐபிஎல் ஃபைனலுக்கு நீங்க எழுதினதையெல்லாம் நான் வாசிச்சேன்ல.

முதல்ல எதுக்கு உக்காந்து பார்த்தோம்னு சொல்லிருறேன். மூத்தவன் குணசேகரன் படிச்ச பொண்ணுகளாத் தேடித் தானும் கட்டி, தம்பிகளுக்கும் கட்டிவச்சு, தாலி ஏறுன மறுநாளே அடுப்படியில தள்ளுற வீடு. ஈஸ்வரி, ரேணுகா, நந்தினின்னு மூணு பேரு அதுக்குள்ள அமுங்கிக் கெடக்காங்க, நாலாவதா ஜனனி வாரா. இதே கதையை வேற யாராச்சும் எடுத்திருந்தா வந்தவளுக்கும் இருந்தவளுகளுக்கும் சண்டை மூட்டிவிட்டு, பாயாசத்துல என்னத்தையாவது கலக்க வச்சிருப்பாங்க. இதுல ஓரகத்திக நாலு பேரும் ஒண்ணாச் சேர்ந்தாங்க. அதுவே பெரிய விசயம். காய் நறுக்கிக்கிட்டே புருசமாரைக் கிண்டல் பண்ணுவாங்க, வாசல்ல செருப்புச் சத்தம் கேட்டதும் பேச்சு சாம்பாருக்குத் தாவிரும். நந்தினியா நடிச்ச ஹரிப்பிரியா வாய்க்குள்ளேயே முனங்குறதுக்குன்னே நான் பார்த்த நாளு நெறைய. கூட்டுக் குடும்பத்துல வாக்கப்பட்டவளுக்குத்தான் அந்த முனகலோட அருமை தெரியும்.

ஆனா அந்த நாடகத்தைத் தூக்கி நிறுத்தினது யாருன்னு கேட்டா ஊரே ஒரு பேரைத்தான் சொல்லும். ஆதி குணசேகரன். அந்த வேசத்துல நடிச்ச மாரிமுத்து பேசினது நம்ம தேனிப் பக்கத்துப் பேச்சு. பட்டணத்துல உக்காந்து மதுரைத் தமிழ்னு எழுதித் தருவாங்களே, ‘வாங்கய்யா போங்கய்யா’ன்னு, அந்த மாதிரி இல்ல. சீரியல்னாலே மூஞ்சியைச் சுளிக்கிற எங்க வீட்டுக்காரரு அவரு வர்ற சீனுக்கு மட்டும் தட்டோட வந்து உக்காந்துருவாரு. ‘இந்தாம்மா ஏய்’னு டீக்கடையில பேசினாங்க, மீம்ஸ் போட்டாங்க, வீட்டுல பொண்டாட்டியைக் கூப்பிடவும் அதையே எடுத்துக்கிட்டாங்க. நாங்களும் சிரிச்சோம்.

அங்கதான் எனக்கு இடிக்குது. பொண்ணுகளை அடக்குறவனை ‘இப்படி இருக்காதீங்கடா’ன்னு காட்டத்தான் அந்த ஆளைப் படைச்சாங்க. கடைசியில ஆம்பளைக அவனைத்தான் தோள்ல தூக்கிவச்சு ஆடினாங்க. மாரிமுத்து மேல குத்தம் சொல்ல முடியாது, அம்புட்டு நல்ல நடிப்பு. அந்த மனுசன் 2023 செப்டம்பர் 8-ல இந்த சீரியலுக்கே டப்பிங் பேசிக்கிட்டு இருந்த எடத்துல நெஞ்சு வலி வந்து போய்ச் சேர்ந்தாரு. வருசநாட்டுப் பக்கம் சொந்த ஊருக்குக் கொண்டுவந்து கடைசிக் காரியம் பண்ணினாங்க. எங்க அத்தை அன்னிக்கு ராத்திரி சாப்பிடல, சொந்தத்துல சாவு விழுந்த மாதிரி உக்காந்திருந்துச்சு. காலையில இருந்து குணசேகரனைத் திட்டித் தீர்க்குறதும் அதே அத்தைதான்!

பெறகு குணசேகரனா வேல ராமமூர்த்தி வந்தாரு. பெருநாழிக்காரரு, எழுத்தாளரு, மிரட்டுறதுக்கு அவரு மீசை ஒண்ணே போதும். அவரைக் கொற சொல்றவங்களோட எனக்கு ஒத்து வரல. மாரிமுத்து குணசேகரன்கிட்ட ஒரு அல்பத்தனம் இருந்துச்சு, அதுல சிரிப்பு வந்துச்சு. வேல ராமமூர்த்தி வந்ததும் சிரிப்பு போயிருச்சு, பயம் மட்டும் நின்னுச்சு. சிரிக்க வந்தவங்க கெளம்பிட்டாங்க. உண்மையில கதை நேராகிறதுக்கு அது நல்ல சந்தர்ப்பம். இனியாச்சும் கேமராவைப் பொண்ணுக பக்கம் திருப்புவாங்கன்னு நம்பினேன்.

திருப்பினாங்களா? அதுக்கு முந்தி அந்த வீட்டு அப்பத்தா பேருல இருந்த 40 சதவீதச் சொத்துல எத்தனை மாசம் போச்சு. எங்க தெருவுல சீட்டுக்காசு பிரிக்கும்போதெல்லாம் ‘அப்பத்தா பங்கு எங்கே’ன்னு கேட்டுச் சிரிக்கிற அளவுக்குப் போச்சு. இந்த வருசம் குணசேகரன் மக தர்ஷினியைக் காணோம்னு தேடுதேடுன்னு தேடினாங்க. அத்தனை நாள் இழுத்தவங்களுக்கு முடிக்கும்போது மட்டும் பஸ்ஸைப் பிடிக்கிற அவசரம்.

டைரக்டர் திருச்செல்வத்துக்குப் பொண்ணுக கதை புதுசும் இல்ல. ‘கோலங்கள்’ எடுத்தவரு. 2003-ல இருந்து 2009 வரைக்கும், 1500 எபிசோடுக்கு மேல. அதுல கதாநாயகி அபி கம்பெனி நடத்துனா, டெண்டர் போட்டா, நட்டப்பட்டா, எந்திரிச்சா. ஒரு பொம்பளை வேலை பார்க்குறதை அவ்வளவு நேரம் காட்டின சீரியலை எனக்குத் தெரிஞ்சு நான் பார்க்கல. அதுல அபிக்கு அம்மாவா, புருசன் விட்டுட்டுப் போயும் நிமிந்து நின்ன கற்பகமா வந்தது சத்யப்பிரியா. அதே சத்யப்பிரியாதான் இதுல விசாலாட்சி, மகன் பேச்சே வேதம்னு மருமகளுகளை அமுக்குற மாமியா. அந்தம்மா ரெண்டையும் நம்ப வச்சாங்க. அபியைக் காட்டத் தெரிஞ்ச டைரக்டருக்கு நந்தினியைக் காட்டத் தெரியாதுன்னு சொன்னா நான் ஒத்துக்க மாட்டேன்.

நேத்து முடிஞ்சதும் தெருவுல எல்லாரும் பேசினது குணசேகரன் கதி என்னங்கிறதுதான். ஒருத்தர்கூட ரேணுகாகிட்ட ஆடக் கத்துக்க எத்தனை பிள்ளைக வருதுன்னு கேக்கல. ஈஸ்வரி காலேஜுல பாடம் நடத்துறதைப் பத்திப் பேச்சே இல்ல. அவன் வாழ்ந்தான், அவன் வீழ்ந்தான்னு முடிஞ்சிருச்சு. வீழ்ந்தாலும் கதை அவனுதுதானே?

நானும் சமைச்சுச் சம்பாதிக்கிறவதான். வளைகாப்பு, கல்யாணச் சீருக்குக் கைமுறுக்கு, அதிரசம் சுட்டுக் குடுக்குறேன். நந்தினி ஆர்டர் எடுத்துச் சமைக்கப் போனப்ப எனக்கு உள்ளுக்குள்ள அப்படி ஒரு குளிர்ச்சி. ஆனா ஒவ்வொரு ஆர்டரும் குணசேகரன் தம்பிக வந்து கெடுக்குறதுக்குன்னே எடுத்த மாதிரி இருந்துச்சு. கெடுக்க யாரும் வராத நாள்லயும் இந்தத் தொழில்ல ஆயிரம் தொல்லை இருக்கு. முகூர்த்த மாசத்துல முறுக்குச் சுத்துறதுக்குக் கை கெடைக்காது. பாகு ஒரு கம்பி ஏறுனா அதிரசம் கல்லு. மாப்பிள்ளை வீட்டுக்காரவங்க பாக்கியைத் தர்றதுக்குள்ள பொறக்குற பிள்ளைக்குப் பேரே வச்சிருவாங்க. இதெல்லாம் கதை இல்லையா?

ரெண்டாம் பாகம் வரணும்னு நெறைய பேரு எழுதுறீங்க. வரட்டும், நானும் பார்ப்பேன், மானம் ரோசம் பார்க்க மாட்டேன். ஆனா வந்தா முத வாரத்துலயே நந்தினியோட கணக்கு நோட்டைக் காட்டுங்கய்யா. கடலெண்ணெய் எம்புட்டு, சிலிண்டர் எம்புட்டு, கூட வேலைக்கு நிக்கிற அக்காவுக்குக் கூலி எம்புட்டு, இவ கையில நிக்கிறது எம்புட்டு.