பத்து நிமிஷம் நடங்க என்று சொன்னது குற்றமா?

அந்த ரோம் பில் விவகாரம் உங்களுக்குத் தெரியும். தெரியாதவர்கள் கமெண்டில் கேட்காதீர்கள், மறுபடி முதலிலிருந்து சொல்லும் தெம்பு எனக்கு இல்லை. சுருக்கமாக: ரோமில் பாந்தியன் என்ற பழங்காலக் கோயில் வாசலில் இருக்கும் கடையில் ஒரு குடும்பம் சாப்பிட்டது. நான்கு பேர், 164 யூரோ பில். "இத்தாலிக்காரன் எல்லாம் திருடன், சாப்பாட்டை வாயில் வைக்க முடியலை" என்று போட்டோவோடு ஒரு பதிவு. அதன் கீழே நான் எழுதியது இரண்டே வரி. "பாந்தியன் வாசலில் சாப்பிடாதீங்க. பத்து நிமிஷம் நடந்து போய்ச் சாப்பிடுங்க." இவ்வளவுதான். ஸ்மைலி போடவில்லை. அதுதான் தப்போ என்னவோ.

அதற்கு ஸ்கிரீன்ஷாட். அப்புறம் மீம். "மிலான் மகாராணி" என்று பட்டம் வேறு. நான் இருப்பது மியூனிக்கில் ஐயா. இரண்டுக்கும் நடுவே ஆல்ப்ஸ் மலை இருக்கிறது. திட்டுகிறவர்கள் ஊரையாவது சரியாகப் போட்டுத் திட்டலாம்.

சரி, பொறுமையாகவே சொல்கிறேன். அந்தக் குடும்பத்தை நான் கேலி செய்யவில்லை. அவர்கள் வயிறு எரிந்தது நிஜம். நான் சொன்னது, அவர்கள் சாப்பிட்டது ரோம் சாப்பாடே இல்லை என்பதைத்தான். மகாபலிபுரத்தில் கடற்கரைக் கோயில் வாசலில் ஒரு கடையில் சாப்பிட்டுவிட்டு, தமிழ்நாட்டுச் சாப்பாடே மோசம் என்று ஒரு ஜெர்மன்காரர் எழுதினால் சும்மா விடுவோமா? பக்கத்துத் தெருவில் மெஸ் இருக்கிறதே, ஏன் அங்கே போகவில்லை என்று கேட்க மாட்டோமா? அதையேதான் நானும் கேட்டேன்.

கணக்கு ரொம்ப எளிது. பாந்தியன் வாசலில் கடை போட்டிருப்பவருக்கு நீங்கள் இரண்டாவது தடவை வரத் தேவையில்லை. நாளைக்கு வேறு நாலு பேர் வருவார்கள். பத்து நிமிடம் தள்ளிக் கடை வைத்திருப்பவருக்கு எதிர்வீட்டுப் பெரியவர் நாளைக்கும் வர வேண்டும், அடுத்த வாரமும் வர வேண்டும். கார்பனாரா என்ற ரோம் பாஸ்தாவில் பன்றிக் கன்னக் கறிக்குப் பதில் பாக்கெட் பேக்கனையும், பெகோரினோ என்ற செம்மறி ஆட்டுப்பால் சீஸுக்குப் பதில் க்ரீமையும் ஊற்றிக் கொடுத்தால், அந்தப் பெரியவர் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போய்விடுவார். உங்களுக்கும் எனக்கும் சமைப்பவருக்கு அந்தப் பயம் கிடையாது. ஆகவே, பத்து நிமிடம் நடங்கள்.

"நீ மட்டும் ஏமாறவே இல்லையா?" என்று ஒருவர் கேட்டிருந்தார். ஏமாந்திருக்கிறேன். அதனால்தானே சொல்கிறேன்.

2017, வெனிஸ். கல்யாணமாகி முதல் வெளியூர்ப் பயணம். ரியால்டோ பாலம் தெரிகிற மாதிரி மேஜை. வாசலில் ஒருவர் "நமஸ்தே" சொல்லி உள்ளே கூட்டிக்கொண்டு போனார். இப்படி ஆள் பிடிக்கிறவருக்கு இத்தாலிய மொழியில் தனிப் பெயரே இருக்கிறது: புட்டாதென்ட்ரோ, உள்ளே தள்ளுகிறவர். மெனுவில் ஒரு மீன் 6.50 என்று போட்டிருந்தது. அட, மலிவு என்று சொல்லிவிட்டோம். விலைக்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் "எத்தோ" என்று ஒரு வார்த்தை இருந்ததை நாங்கள் கவனிக்கவில்லை. எத்தோ என்றால் நூறு கிராம். முழு மீனுக்கு இல்லை, நூறு கிராமுக்கு 6.50. வந்த மீன் ஒரு கிலோ நூறு கிராம். மீனுக்கு மட்டும் 71 யூரோ 50 சென்ட். என் கணவர் ஒன்றுமே பேசாமல் கார்டை எடுத்து நீட்டினார். திரும்பும் வழியில் படகு டிக்கெட் விலை பார்த்துவிட்டு நடந்தே போகலாம் என்றார். அன்று ராத்திரி நானும் இத்தாலிக்காரன் திருடன் என்றுதான் சொன்னேன்.

மறுநாள் கன்னரேஜோ பக்கம் வழி தவறி நடந்துகொண்டிருந்தபோது ஒரு பாக்கரோ கண்ணில் பட்டது. பாக்கரோ என்றால் வெனிஸ்காரர்கள் நின்றபடி ஒயின் குடிக்கும் சின்னக் கடை. கண்ணாடிப் பெட்டிக்குள் ரொட்டித் துண்டுகள். மேலே வெண்ணெய் மாதிரி அடித்துக் குழைத்த காய்ந்த காட் மீன். ஒரு துண்டு இரண்டு யூரோ கூட இல்லை. வெங்காயமும் வினிகரும் போட்டு ஊறவைத்த மத்தி மீன் வேறு. தூத்துக்குடிக்காரியான எனக்கு மத்தி மீனைப் பற்றி யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. இரண்டு பேருக்கும் சேர்த்து 15 யூரோ, வயிறு நிறைந்தது. முந்தின நாள் உட்கார்ந்த இடத்திலிருந்து அது எவ்வளவு தூரம் என்று போனில் பார்த்தேன். பதினொரு நிமிடம்.

இப்போது ரோம் பில்லுக்கு வருகிறேன். "ரொட்டிக்குக் காசா? நாங்கள் கேட்கவே இல்லையே" என்று கொதித்திருந்தார்கள். இத்தாலியில் பல ஊர்களில் உட்கார்ந்தாலே கொபெர்த்தோ என்று தலைக்கு ஒன்றரை, இரண்டு யூரோ போடுவார்கள். மெனுவில் எழுதியிருந்தால் அது திருட்டு இல்லை, ஊர் வழக்கம். ரோம் இருக்கும் லாட்சியோ மாநிலத்தில் 2006 சட்டப்படி கொபெர்த்தோ வாங்கக் கூடாது. அதனால் அங்கே "பானே", அதாவது ரொட்டி, என்று எழுதிக் காசு வாங்குகிறார்கள். ரொட்டி வேண்டாம் என்று அப்போதே சொல்லித் திருப்பி அனுப்பியிருக்கலாம். இதைச் சொன்னதற்கு "இத்தாலிக்கு வக்காலத்து" என்கிறார்கள். அந்த பில்லில் இருந்த 15 சதவீத சர்வீஸ் சார்ஜையும் அந்த கோக் விலையையும் நானும்தான் திட்டினேன். அந்தக் கமெண்டை மட்டும் யாரும் ஸ்கிரீன்ஷாட் எடுக்கவில்லை.

அடுத்து, "காசு இருக்கிறவங்க பேசுற பேச்சு." இதற்குத்தான் எனக்குக் கோபம் வருகிறது. நான் சொல்வது மலிவான வழி! பொலோனியாவில் ரயில் நிலையத்துக்குப் பின்பக்கம் பொலொஞ்ஞீனா என்று ஒரு தொழிலாளர் பேட்டை. மதியம் ஒரு மணிக்குப் போனோம். பெயின்ட் கறை படிந்த பேன்ட்டோடு நாலு பேர், கையெழுத்தில் மெனு, மேஜையில் விரிப்புக்குப் பதில் காகிதம். ஒரு பாஸ்தா, ஒரு கறி, தண்ணீர், காபி எல்லாம் சேர்த்து 13 யூரோ. வேலைக்குப் போகிறவர்களுக்கான மதியச் சாப்பாடு, நம் ஊர் அளவுச் சாப்பாடு மாதிரி. தாலியாத்தெல்லே ராகு வந்தது, அதாவது கொத்துக்கறிக் குழம்பு ஊற்றிய பட்டைப் பாஸ்தா. (ஸ்பகெட்டி பொலொனேஸ் என்று பொலோனியாவில் கேட்டுவிடாதீர்கள். ராகு எப்படிச் செய்ய வேண்டும் என்று 1982-ல் வர்த்தகச் சபையில் பதிவே செய்து வைத்திருக்கிறார்கள். அதற்குப் பத்து வருடம் முன்னால், வெந்த தாலியாத்தெல்லே 8 மில்லிமீட்டர் அகலம் இருக்க வேண்டும் என்று தங்கத்தில் ஒன்று செய்தும் வைத்துவிட்டார்கள். நம் ஆட்கள் சாம்பார் சண்டையை இன்னும் வாயாலேயே போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.) பக்கத்து மேஜைக்காரர் மிச்சக் குழம்பை ரொட்டியால் வழித்துத் தட்டைத் துடைத்துவிட்டார். நாங்களும் துடைத்தோம். இதில் எங்கே இருக்கிறது மகாராணித்தனம்?

"ஆறு மணிக்கே பிள்ளைகளுக்குப் பசிக்குமே" என்று ஒரு அம்மா கேட்டிருந்தார். இந்த ஒரு கேள்வியைத்தான் நியாயமான கேள்வி என்பேன். மதியம் மூன்று மணிக்கு அடுப்பை அணைத்தால் ராத்திரி ஏழரைக்குத்தான் மறுபடி பற்றவைப்பார்கள். மாலை ஐந்தரைக்கு டின்னர் போடும் கடை உங்களை நம்பித்தான் திறந்திருக்கிறது, ஊர்க்காரர்களை நம்பி இல்லை. என் மகளுக்கும் ஆறு வயதுதான். ரோமில் பீட்சாவைக் கத்திரிக்கோலால் வெட்டி, எடை போட்டு விற்கும் கடை தெருவுக்குத் தெரு இருக்கிறது. ஆறு மணிக்கு அவளுக்கு ஒரு துண்டு, கூடவே ஒரு சுப்ளி. அது சீஸ் வைத்துப் பொரித்த சோற்று உருண்டை. எட்டு மணிக்கு நாங்கள் சாப்பிடும்போது அவள் ஸ்ட்ராலரில் தூங்கிவிடுவாள்.

"நாங்க சைவம், எங்களுக்கு எல்லாக் கடையும் ஒண்ணுதான்." இல்லவே இல்லை. என் மாமியார் சுத்த சைவம். போன வருடம் அவரைக் கூட்டிக்கொண்டுதான் ரோமில் டெஸ்டாச்சியோ போனேன். 1975 வரை அங்கே பெரிய மாட்டிறைச்சிக் கூடம் இருந்தது. நல்ல கறியெல்லாம் நாலு கால்பங்காகப் பணக்காரர் வீட்டுக்குப் போக, மிச்சமான குடல், வால், நாக்கு எல்லாம் "ஐந்தாவது கால்பங்கு" என்ற பெயரில் அந்தப் பேட்டைக்காரர்களின் சமையலாயிற்று. நம் போட்டிக் குழம்பு கதைதான். சைவ மாமியாரைக் கூட்டிக்கொண்டு போகிற இடமா என்று கேட்காதீர்கள். அங்கேதான் அவர் காச்சோ ஏ பேப்பே சாப்பிட்டார். பெகோரினோ, மிளகு, பாஸ்தா வெந்த தண்ணீர், அவ்வளவுதான். "மிளகு சேவை மாதிரின்னா இருக்கு" என்று தட்டை நகர்த்தவே இல்லை. பெகோரினோவை உறையவைக்க ஆட்டுக்குட்டி இரைப்பையிலிருந்து ஒரு பொருள் சேர்ப்பார்கள் என்பதை நான் அவரிடம் இன்றுவரை சொல்லவில்லை. அத்தை முகநூலில் இல்லை. இருக்கும் நாத்தனார்கள் வாயை மூடிக்கொள்ளவும்.

பலெர்மோவில் என்ன நடந்தது என்றும் சொல்கிறேன். நாங்கள் தமிழில் பேசிக்கொண்டே ஒரு கடை மெனுவைப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஏப்ரன் கட்டிய ஒரு பையன் குப்பைப் பையோடு வெளியே வந்து அப்படியே நின்றான். யாழ்ப்பாணத்துப் பையன், அந்தச் சமையலறையில்தான் வேலை. பலெர்மோவில் நம் ஆட்கள் நிறைய. ஞாயிற்றுக்கிழமை மலையேறிப் போய் சாந்தா ரொசாலியா என்ற கிறிஸ்தவப் புனிதையைக் கும்பிடுவார்களாம், சைவ சமயக்காரர்களும்தான். அத்தைக்கு அதைக் கேட்டுக் கண் கலங்கிவிட்டது. மெனுவைக் காட்டி எது நன்றாக இருக்கும் என்று கேட்டேன். கதவைத் திரும்பிப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னான்: "இஞ்ச சாப்பிடாதேங்கோ அக்கா. நேரா நடந்து பல்லாரோ சந்தைக்குப் போங்கோ. அம்மாவுக்குப் பனெல்லே வாங்கிக் குடுங்கோ." போனோம். கடலைமாவைக் கிண்டி, துண்டு போட்டுப் பொரித்து, பன்னுக்குள் வைத்து எலுமிச்சை பிழிந்து கொடுத்தார்கள். அத்தை ஒரு கடி கடித்துவிட்டு, "இதுக்காடி இவ்வளவு தூரம் வந்தோம்? நம்ம பஜ்ஜி மாவுடி இது" என்றார். மூன்று சாப்பிட்டார்.

அந்தப் பையனும் மகாராஜாவா? அவனும் சொன்னது அதைத்தானே, நடங்கள் என்று.

"4.6 ரேட்டிங் பார்த்துத்தானே போனோம்." அந்த ரேட்டிங்கைப் போட்டது யார்? உங்களைப் போல ஒரே ஒரு நாள் வந்து, பாந்தியனைப் பார்த்த சந்தோஷத்தில் ஐந்து நட்சத்திரம் அழுத்தியவர்கள். இத்தாலிய மொழியில் எழுதிய ரிவ்யூவை மட்டும் மொழிபெயர்த்துப் படியுங்கள். அவர்கள் பாஸ்தா குழைந்துவிட்டது என்று ஒரு பாரா எழுதுவார்கள். கதவில் ஸ்லோ ஃபுட் அமைப்பின் நத்தைப் படம் ஒட்டியிருந்தால் கண்ணை மூடிக்கொண்டு போங்கள். 1986-ல் ஸ்பானிஷ் படிக்கட்டுப் பக்கம் மெக்டொனால்ட்ஸ் திறப்பதை எதிர்த்துக் கிளம்பியவர்களின் வழியில் வந்த அமைப்பு அது. இல்லையென்றால் சனிக்கிழமை கரும்பலகையில் "திரிப்பா" என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். நீங்கள் குடல் சாப்பிட வேண்டாம். சனிக்கிழமை குடல் கேட்டு வரும் ஆட்கள் அந்தக் கடைக்கு உண்டு என்று தெரிந்தால் போதும்.

ஒரு கேள்விக்கு மட்டும் என்னிடம் சரியான பதில் இல்லை. "உள்ளூர்க்காரன் கடைன்னு நீங்க எல்லாரையும் அனுப்பினா, அப்புறம் அதுவும் டூரிஸ்ட் கடைதானே?" என்று ஒரு தம்பி கேட்டிருந்தார். ஆமாம். டெஸ்டாச்சியோவிலேயே இப்போது ஆங்கில மெனு வந்துவிட்டது. நான் கடைப் பெயரைப் பொதுவில் போடுவதில்லை, கேட்டவர்களுக்கு மட்டும் அனுப்புவேன் என்று அவருக்கு எழுதினேன். எழுதி முடித்தபிறகுதான் எத்தனை பேருக்கு அனுப்பியிருக்கிறேன் என்று எண்ணிப் பார்த்தேன்.

அதில் ஒருவர்தான் அந்த ஸ்கிரீன்ஷாட்டைப் போட்டவர். பெயர் சொல்லவில்லை, அவருக்கே தெரியும். 2022-ல் இரண்டு ராத்திரி உட்கார்ந்து ரோம், நேப்பிள்ஸ், ஃப்ளோரன்ஸ் மூன்றுக்கும் லிஸ்ட் போட்டுக் கொடுத்தேன். எந்தக் கடைக்கு என்றைக்கு லீவு, எங்கே முன்பதிவு வேண்டும், எந்தக் கடையில் கார்டு எடுக்க மாட்டார்கள் என்பது வரை. சாப்பிட்டுவிட்டு அங்கிருந்தே போன் பண்ணி, "லைஃப்ல இப்படி ஒரு ஆர்ட்டிசோக் சாப்பிட்டதில்லடி" என்று சொன்ன வாய்தான் இன்று "ரெண்டு தடவை இத்தாலி போனா இதான் பிரச்சினை" என்று கேப்ஷன் போடுகிறது. ரெண்டு தடவை இல்லை, ஒன்பது தடவை. இப்போது இதற்கும் ஒரு ஸ்கிரீன்ஷாட் வரும், தெரியும்.

"வீட்டுல சமைக்கத் தெரியாதா" என்று கேட்ட அண்ணன்களுக்கு: தெரியும். வெரோனா ரயிலில் ஐந்தரை மணி நேரமும் எங்கள் கையில் இருந்தது நான் கிளறிய புளியோதரைதான். அதை ஏன் சொல்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை.

இனிமேல் யாருக்கும் லிஸ்ட் கிடையாது. இன்பாக்ஸில் கேட்டாலும் கிடையாது.

அக்டோபரில் போகிற என் சித்தி மகனுக்கு மட்டும்: ராத்திரி அனுப்புகிறேன்டா. அந்த மூன்றாவது கடை ஞாயிறு லீவு, திங்கள் போன் பண்ணிக் கேட்டுவிட்டுப் போ. யாருக்கும் ஃபார்வர்ட் பண்ணாதே.