கீன்ஸ் சொன்னது அதுவல்ல

அண்மையில் கேட்ட ஒரு மேடைப் பேச்சுக்கு அரங்கில் பாதிப்பேர் கைதட்டியதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. "நெடுங்காலத்தில் நாம் எல்லோரும் இறந்துபோயிருப்போம்" என்ற பிரிட்டிஷ் பொருளியலாளர் ஜான் மேனார்ட் கீன்ஸின் வாக்கியத்தை எடுத்துக்கொண்டு, நாளையைப் பற்றிக் கவலைப்படாமல் செலவழிக்கச் சொன்னவர் அவர் என்று பேச்சாளர் தீர்ப்பளித்தார். பிள்ளை இல்லாதவர் வேறு எப்படிச் சிந்திப்பார் என்றும் சேர்த்துக்கொண்டார்.

கீன்ஸ் சொன்னது அதுவல்ல. 1923-இல் பணச் சீர்திருத்தம் பற்றி எழுதிய நூலில், எல்லாம் நாளடைவில் தானாகச் சீராகிவிடும் என்று கைகட்டி நிற்கும் பொருளியலாளர்களைக் குத்திக்காட்டவே அவர் அப்படி எழுதினார். புயல் அடிக்கும்போது, அது ஓய்ந்து வெகுநாள் கழித்துக் கடல் அமைதியாகிவிடும் என்று மட்டும் சொல்வது பயனற்ற வேலை என்பதே அவருடைய அடுத்த வரி.

நான் பணியாற்றிய பிரிவை மூடியபோது, மேலாளர் என் அடையாள அட்டையை வாங்கி, அதன் நாடாவைச் சுற்றி மேசை இழுப்பறையில் போட்டுக்கொண்டே, "இரண்டு வருடத்தில் சந்தை நிமிர்ந்துவிடும்" என்றார். உண்மையாகவே நிமிர்ந்தது. ஆனால் எனக்கு வாடகை கட்ட ஒன்பது நாள்தான் இருந்தது. கீன்ஸின் அந்த ஒரு வரி எனக்கு அன்றுதான் புரிந்தது.

அவருடைய கொள்கையால்தான் அரசுகள் கடனில் மூழ்கின என்று சிலர் வருவீர்கள். செழிப்பான காலமே அரசு சிக்கனம் பிடிக்க ஏற்றது, மந்தகாலம் அல்ல என்று 1937-இல் எழுதியவரும் அவரே என்பதை மட்டும் சொல்லி இதை இங்கே விடுகிறேன்.

மேடைப் பேச்சை இவ்வளவு பெரிதாக்கலாமா என்பீர்கள். ஆக்கத்தான் வேண்டும். பிள்ளை இல்லாததால்தான் அப்படி எழுதினார் என்பதும் பொருந்தாது: கீன்ஸுக்குத் திருமணமானதே 1925-இல், அந்த வாக்கியத்தை எழுதி இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு. முதல் உலகப் போருக்குப் பின் ஜெர்மனிமீது சுமத்தப்பட்ட இழப்பீடு ஐரோப்பாவையே சீரழிக்கும் என்று 1919-இல் பிரிட்டிஷ் அரசின் நிதித்துறைப் பதவியைத் துறந்து எச்சரித்தவர் எதிர்காலத்தைப் பற்றிக் கவலைப்படாதவரா? பேரப்பிள்ளைகளின் காலத்துப் பொருளாதாரம் எப்படி இருக்கும் என்று நூறாண்டு தள்ளி யோசித்து 1930-இல் கட்டுரை எழுதியவரும் இந்தப் பிள்ளையில்லாதவர்தான்.

எங்களுக்கும் பிள்ளைகள் இல்லை. கைதட்டல் எழுந்தபோது பக்கத்தில் இருந்த என் மனைவி தன் கைப்பையின் வாரைச் சுருட்டுவதும் பிரிப்பதுமாக இருந்தார். வீடு வரும்வரை ஒன்றும் பேசவில்லை. இருபது ஆண்டுகளாக அடுத்தவர் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுப்பவர் அவர். நாளையைப் பற்றி அவருக்கு அக்கறை இல்லை என்று எவர் சொல்ல முடியும்?

பேச்சாளர் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நான் கோரவில்லை. அந்த ஒரு பத்தியை முழுவதுமாக, அதே மேடையில் நின்று வாசிக்கட்டும்.